பதினோராம் வகுப்புக்குப் பசிக்காதா?

செப்டம்பர் வந்தால் ஊட்டச்சத்து மாதம் வந்துவிடுகிறது. கலெக்டர் அலுவலக வாசலில் காய்கறிக் கோலம், அங்கன்வாடியில் கீரைக் கண்காட்சி, பள்ளி மைதானத்தில் உறுதிமொழி. முன்வரிசையில் நிறுத்தப்படுவது பெரும்பாலும் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை படிக்கும் பெண் பிள்ளைகள். அதிகாரி ஒருவர் மைக்கைப் பிடித்துச் சொல்வார்: "கீரை சாப்பிடுங்க, பழம் சாப்பிடுங்க, பேரீச்சம்பழம் சாப்பிடுங்க. இந்தக் காலத்துப் பிள்ளைங்க நொறுக்குத் தீனியைத் தின்னுட்டு சோத்தை ஒதுக்குறீங்க, அதான் உடம்புல ரத்தமே இல்ல." பிள்ளைகள் கை தட்டுவார்கள். போட்டோ எடுப்பார்கள். அடுத்த செப்டம்பர் வரைக்கும் வேலை முடிந்தது.

தோழர்களே, இந்தப் பேச்சை நாம் இனியும் சிரித்துக்கொண்டே கேட்கக் கூடாது. ரத்தம் இல்லாத பிள்ளையைப் பார்த்து "உன் பழக்கம் சரியில்லை" என்று சொல்வது அறிவுரை அல்ல, பழியை இடம் மாற்றி வைக்கும் வேலை. அந்தப் பிள்ளையின் தட்டை இழுத்துக்கொண்டது யார் என்ற கேள்வி வராமல் இருப்பதற்காகத்தான் அவள் பையில் இருக்கும் ஐந்து ரூபாய் பாக்கெட்டை இவ்வளவு பெரிதாக்கிக் காட்டுகிறார்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம்.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. அதற்கு முந்தைய ஆய்வில் இது 54.1 சதவீதம். இடைப்பட்ட காலத்தில், 2018இல், ரத்தசோகை இல்லாத பாரதம் என்று ஒரு திட்டம் வேறு தொடங்கினார்கள். எண் குறையவில்லை, ஏறியது. தமிழ்நாட்டில் இதே வயதுப் பெண்களில் சுமார் 53 சதவீதம். சமூகநீதி மண் என்று நாம் மார்தட்டும் மாநிலத்தில், இரண்டு பெண் பிள்ளைகளை நிறுத்தினால் ஒருத்திக்கு ரத்தம் போதவில்லை.

விரல் நுனியில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் கணக்கு கூடுதலாகக் காட்டும் என்று சிலர் வாதிடுவார்கள். சரி, நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துப் பரிசோதித்த ஆய்வும் இருக்கிறது. 2016-18இல் நடந்த தேசிய விரிவான ஊட்டச்சத்து ஆய்வு அது. அதில் வளரிளம் பெண்களில் 40 சதவீதம், பையன்களில் 18 சதவீதம். எந்தக் கருவியை வைத்து அளந்தாலும் பெண்ணின் நிலை பையனைவிட இரண்டு மடங்கு மோசம். பட்டியல் பழங்குடிப் பெண்கள் முதலிடத்திலும் பட்டியல் சாதிப் பெண்கள் அதற்கு அடுத்தும் நிற்கிறார்கள் என்பதையும் தேசிய ஆய்வுதான் சொல்கிறது. நான் கற்பனை செய்யவில்லை.

வயது ஏறுகிறது, தட்டு சுருங்குகிறது

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையை எடுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு உணவில் இருக்க வேண்டிய இரும்புச்சத்து, 10-12 வயதுப் பெண்ணுக்கு 28 மில்லிகிராம். 13-15 வயதில் 30. 16-18 வயதில் 32. பையனுக்கு இதே மூன்று வயதுக் கட்டங்களில் 16, 22, 26. உடல் உயர்கிறது, மாதவிடாய் தொடங்கிவிடுகிறது, மாதாமாதம் ரத்தம் போகிறது. ஆகவே தேவை ஏறிக்கொண்டே போய் 16 வயதில் உச்சத்துக்கு வருகிறது. இதில் அரசியல் எதுவும் இல்லை, உடம்பின் கணக்கு.

இப்போது அரசின் கணக்கைப் பாருங்கள். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கப்பட்டது. நல்ல திட்டம், மனதார வரவேற்கிறோம். அது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 தரும் மதிய உணவு உரிமை எட்டாம் வகுப்போடு, அல்லது 14 வயதோடு முடிகிறது. தமிழ்நாடு அதைத் தாண்டிச் சொந்தப் பணத்தில் பத்தாம் வகுப்பு வரை சத்துணவு போடுகிறது, வாரம் ஐந்து முட்டை தருகிறது. 1982இல் தொடங்கி, 1984இல் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் விரிந்த திட்டம் அது. அதுவும் பத்தாம் வகுப்போடு நிற்கிறது.

பதினொன்றாம் வகுப்பில் தட்டு இல்லை.

அதாவது, ஒரு பெண் பிள்ளையின் உடம்பு வாழ்க்கையிலேயே அதிகம் இரும்பு கேட்கத் தொடங்கும் அந்த 16 வயதில், அதே பள்ளி வளாகத்தில், அதே சத்துணவுக் கூடத்தின் வாசனை மூக்கில் ஏறிக்கொண்டிருக்க, "இனி உனக்கு இல்லை" என்று அரசு சொல்கிறது. தங்கை வரிசையில் நிற்பாள். அக்கா வேடிக்கை பார்ப்பாள். பன்னிரண்டு முடித்துக் கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். நடுவில் அந்த இரண்டு வருடம்? பொதுத்தேர்வு, சிறப்பு வகுப்பு, மாலை ஆறு மணி வரை பள்ளி. பதினோராம் வகுப்புக்குப் பசிக்காதா?

வளரிளம் பெண்களுக்கென்று ஒன்றிய அரசின் தனித் திட்டம் ஒன்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். 14 முதல் 18 வயதுப் பெண்களுக்கான அந்தத் திட்டம் வடகிழக்கு மாநிலங்களைத் தவிர்த்தால் 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று பட்டியலிட்ட இடங்களுக்கு மட்டும்தான். தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருப்பவை ராமநாதபுரம், விருதுநகர் என இரண்டு. மாநிலத்தில் மாவட்டங்கள் 38. மிச்சம் 36 மாவட்டங்களிலும் பெண்களுக்கு 16 வயது ஆவதில்லை போலிருக்கிறது.

மாத்திரை சோறு ஆகாது

"அதான் மாத்திரை கொடுக்கிறோமே" என்பது அடுத்த பதில். பள்ளியில் வாரம் ஒரு நீல மாத்திரை தருகிறார்கள். அதில் 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். வருடத்துக்கு இரண்டு முறை குடற்புழு மாத்திரை. நான் மாத்திரைக்கு எதிரி அல்ல. தங்கைகளே, அதைத் தூக்கி எறியாதீர்கள், சாப்பிடுங்கள். ஆனால் கணக்கு என்ன சொல்கிறது? ஒரு நாளைக்கு 32 என்றால் வாரத்துக்கு 224 மில்லிகிராம் உணவில் இருக்க வேண்டும். மாத்திரையில் வருவது 60. அது சாப்பாட்டுக்கு மேல் தரப்படும் துணை. சாப்பாடே இல்லாத இடத்தில் எதற்குத் துணை?

இன்னொன்றும் இருக்கிறது. இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போடக் கூடாது என்று தருபவர்களே சொல்கிறார்கள். போட்டால் குமட்டும், வயிறு பிரட்டும். பதினோராம் வகுப்பில் மதியச் சாப்பாடு இல்லை. காலையில் அம்மா ஏழு மணிக்கே வேலைக்குப் போய்விட்டார், பிள்ளை டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறியிருக்கிறாள். அந்த டீயும் உணவிலிருக்கும் இரும்பை உடல் எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். அவள் மாத்திரையைப் போட்டு வாந்தி எடுக்கிறாள். மறுவாரம் மாத்திரை ஜன்னல் வழியாகப் போகிறது. உடனே பதிவேட்டில் எழுதுகிறோம்: 'மாணவிகளிடம் விழிப்புணர்வு இல்லை'. நான் வேலை செய்யும் ஊர்களில் ஜன்னலுக்கு வெளியே நீல மாத்திரை கிடக்கும் பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். அந்த மாத்திரைகள் விழிப்புணர்வு இல்லாததால் விழுந்தவை அல்ல, வயிற்றில் எதுவும் இல்லாததால் விழுந்தவை.

ரேஷன் அரிசியில் இரும்புச்சத்து கலந்த அரிசியைச் சேர்த்துத் தருவதும் இதே பாதைதான். நூறு அரிசிக்கு ஒரு செயற்கை அரிசி. சோற்றுக்குள் மருந்தைக் கலக்கத் தெரிந்த அரசுக்கு, சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி ஈரல் வைக்கத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்று கேட்டால் அங்கே சாதி வருகிறது.

ரத்தத்துக்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம்?

"எல்லாவற்றுக்கும் சாதியை இழுக்காதீர்கள், ரத்தசோகை எல்லாச் சாதியிலும் இருக்கிறது" என்று வகுப்பில் உங்களிடம் சொல்வார்கள். ஆம், இருக்கிறது. ஆனால் அது ஒவ்வொரு தெருவுக்கும் வரும் வழி வேறு.

காலனிக்குக் குடிநீர் எப்போது வருகிறது, கழிவுநீர் எங்கே தேங்குகிறது, கழிப்பறையில் தண்ணீர் உண்டா என்று பாருங்கள். திறந்தவெளிக்குப் போகும் இடத்தில் செருப்பில்லாமல் நடந்தால் கொக்கிப்புழு காலின் வழியே உடலுக்குள் போகும். குடலில் உட்கார்ந்து ரத்தம் குடிக்கும். பள்ளியில் கழிப்பறை சரியில்லை என்பதற்காக நாள் முழுவதும் தண்ணீரைக்கூடக் குறைத்துக் குடிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நிலம் இல்லாத வீட்டில் கீரைப் பாத்தி எங்கே போடுவது? முருங்கை மரம் நட வாசல் எங்கே? அதிகாரி மைக்கில் சொன்ன அந்தக் கீரை, நிலம் இருப்பவன் வீட்டுக் கொல்லையில் முளைக்கிறது.

சத்துணவு கிடைக்கும் இடத்திலும் சாதி கரண்டியைப் பிடிக்கிறது. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவினாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் பட்டியல் சாதிப் பெண் ஒருவர் சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் பள்ளியையே முற்றுகையிட்டது நினைவிருக்கிறதா? தன் பிள்ளை பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை, அந்தக் கை தொட்ட சோறு வேண்டாம் என்று நினைக்கும் சமூகம் இது. இந்தச் சமூகத்தில் சாப்பாட்டுத் தட்டை மருத்துவப் பிரச்சினை என்று மட்டும் பேச முடியுமா?

இனி, நம் தட்டில் இருந்ததைப் பற்றிப் பேசுவோம். இறைச்சியிலிருக்கும் இரும்பை உடல் எளிதாக எடுத்துக்கொள்ளும். கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பில் மிகச் சிறு பகுதிதான் உடலில் சேரும். பி12 சத்து பால், முட்டை, மீன், கறி என்று விலங்கிலிருந்து வரும் உணவில் மட்டும்தான் இயல்பாக இருக்கிறது. இது ஊட்டச்சத்துப் பாடப்புத்தகத்தின் முதல் சில பக்கங்களிலேயே இருக்கும் செய்தி. நம் பாட்டிகள் பாடப்புத்தகம் படிக்கவில்லை. ஆனால் வெளிறிப்போன பிள்ளைக்குச் சுவரொட்டி வாங்கி நெருப்பில் வாட்டிக் கொடுத்தார்கள். ஈரல், ரத்தப் பொரியல், குடல், நத்தை, நண்டு, கருவாடு, மாட்டுக்கறி என்று குறைந்த காசில் ரத்தம் ஊறும் உணவு நம் தெருவில் இருந்தது. மாட்டுக்கறி இன்றும் ஆட்டுக்கறி விலையில் பாதிகூட வராது.

அந்த உணவைத்தான் அசிங்கம் என்றார்கள். பாபாசாகேப் 1948இல் எழுதிய 'தீண்டப்படாதோர்' நூலில் தீண்டாமையின் வேரை மாட்டுக்கறி உண்பதோடு சேர்த்துத்தான் ஆராய்ந்தார். அதே அம்பேத்கர் 1927இல் மகாத் மாநாட்டில் செத்த மாட்டைத் தின்பதை விடுங்கள் என்று நம் மக்களிடம் சொன்னார். இரண்டுக்கும் முரண் இல்லை. ஊரான் தூக்கி எறிந்ததைத் தின்னும் நிலைக்கு அவர் எதிரி. நாம் காசு கொடுத்து வாங்கிச் சமைக்கும் உணவை இழிவு என்று சொல்ல எவனுக்கும் உரிமை இல்லை என்பது நம் நிலை.

அரசும் இந்த அருவருப்பிலிருந்து விலகி நிற்கவில்லை. 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டுக்கறி பிரியாணிக்கு மட்டும் அதில் இடம் இல்லை. எதிர்ப்பு கிளம்பியது, மழையைக் காரணம் காட்டி விழாவைத் தள்ளிவைத்தார்கள். இது பாகுபாடு ஆகாதா என்று மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருந்தது. ஒரு திருவிழாப் பந்தலிலேயே நம் உணவுக்கு இடமில்லை என்றால், ஊட்டச்சத்து மாதத்தின் கண்காட்சி மேசையில் எப்படி இருக்கும்? எத்தனையோ கண்காட்சிகளுக்குப் போயிருக்கிறேன். மாதுளை உண்டு, பீட்ரூட் உண்டு, உலர்திராட்சை உண்டு. ஈரலின் படத்தைக்கூட நான் பார்த்ததில்லை. முட்டையோடு முடித்துக்கொள்வார்கள். முட்டை மிக நல்ல உணவு, புரதமும் பி12-உம் தரும். ஆனால் அதில் இரும்பு குறைவு, இருப்பதும் உடலில் சரியாகச் சேராது. ரத்தசோகைக்கு முட்டை மட்டும் போதும் என்பது அறிவியல் அல்ல, அசைவத்தில் அவர்களால் சகித்துக்கொள்ள முடிந்த கடைசி எல்லை அதுதான்.

விடுதியும் மில்லும்

நம் பிள்ளைகளில் பெரும் எண்ணிக்கையில் ஆதிதிராவிடர் நல விடுதிகளில் வளர்கிறார்கள். 2023இல் பள்ளி மாணவர்களுக்கான உணவுப்படியை மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ரூபாய்க்கு உயர்த்தினார்கள். உயர்வை வரவேற்போம், வகுத்தும் பார்ப்போம். ஒரு நாளைக்கு 47 ரூபாய்கூட வரவில்லை. மூன்று வேளைக்குப் பிரித்தால் வேளைக்குப் பதினைந்தரை ரூபாய். டீக்கடையில் ஒரு டீயும் ஒரு வடையும் வாங்கினால் தீர்ந்துவிடும் காசில், 32 மில்லிகிராம் இரும்பு வேண்டிய பெண்ணுக்கு ஒரு வேளைச் சாப்பாடு. 2025இல் இந்த விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் சூட்டினார்கள். பெயர்ப்பலகையில் எழுதிய நீதி குழம்புச் சட்டிக்குள் இறங்க வேண்டும். நான் போய்ப் பார்த்த ஒரு பெண்கள் விடுதியில் சுவரில் ஒட்டியிருந்த உணவுப் பட்டியலில் கறி இருந்தது. எப்போது போட்டார்கள் என்று கேட்டபோது பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை விட நல்ல தணிக்கை அறிக்கை எனக்கு வேண்டாம்.

பள்ளியை விட்ட பிள்ளைகள்? கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் 'சுமங்கலி' என்ற பெயரில் வளரிளம் பெண்களை மொத்தச் சம்பளம் தருவதாகச் சொல்லி அழைத்துப்போய் விடுதியில் அடைத்து வேலை வாங்கிய வரலாறு நமக்குத் தெரியும். போனவர்களில் தலித் வீட்டுப் பிள்ளைகளே மிகுதி. இன்றும் மில் விடுதிகளில் இருக்கும் பெண்களை எந்த ஆசிரியர் மாத்திரைக்குத் தேடுவார்? எந்த அங்கன்வாடி அவர்கள் பெயரை எழுதி வைத்திருக்கிறது? இரவு ஷிப்ட் முடித்து வரும் பெண்ணின் ஹீமோகுளோபினை எவன் அளந்தான்?

நம் வீட்டுக்குள்ளும் பேச வேண்டும்

எல்லாப் பழியையும் வெளியே போட்டுவிட்டு நாம் தப்பிக்க முடியாது. பெண் வயசுக்கு வந்தால் நம் வீட்டில் என்ன நடக்கிறது? தாய்மாமன் சீர், உளுந்தங்களி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை. ஊரைக் கூட்டிச் சோறு போடுகிறோம். ரத்தம் போகும் உடம்புக்குச் சத்து வேண்டும் என்ற அறிவு அதில் இருக்கிறது. ஆனால் பந்தலைப் பிரித்ததும் களியும் முட்டையும் பந்தலோடு போய்விடுகின்றன. அதற்குப் பிறகு மாதாமாதம் ரத்தம் போகிறதே, அதற்கு யார் களி கிண்டினார்கள்?

குழம்பில் மீன் துண்டு முதலில் அப்பாவுக்கு, அடுத்தது அண்ணனுக்கு. அம்மாவும் மகளும் கடைசியில் குழம்பைத் தொட்டுக்கொள்வார்கள். 'அந்த மூணு நாளு' கறி முட்டை கூடாது என்று சொல்லும் வீடுகள் நம் தெருவிலும் உண்டு. இது யாரிடமிருந்து கற்ற தீட்டு? சாதித் தீட்டை எதிர்த்து ஊர்வலம் போய்விட்டு வந்து, வீட்டில் தங்கைக்குத் தீட்டு வைக்கும் தம்பிமார்களே, உங்களைத்தான் கேட்கிறேன். நீலத் துண்டு போட்டுக்கொண்டு பேசும் சமத்துவம் சோற்றுப் பானைக்கு முன்னால் ஏன் வாய் மூடுகிறது?

'எதிர்காலத் தாய்' என்று சொல்லாதீர்கள்

அரசு ஆவணங்களில் இந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'எதிர்காலத் தாய்மார்கள்' என்று எழுதுகிறார்கள். ரத்தசோகை இருந்தால் பிரசவத்தில் ஆபத்து, பிறக்கும் குழந்தை எடை குறையும். உண்மைதான். ஆனால் அவள் நாளைக்குப் பெறப்போகும் குழந்தைக்காக மட்டும் இன்று சாப்பிட வேண்டியவளா? மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது இன்றைக்கு. கணக்குப் பாடத்தில் மூன்றாவது பீரியடில் கண் சொருகுவது இன்றைக்கு. கபடி அணியிலிருந்து அவளாகவே விலகிக்கொள்வது இன்றைக்கு. 'சோம்பேறி, படிப்பு ஏறாத பிள்ளை' என்று பெயர் வாங்குவதும் இன்றைக்கு. ஹீமோகுளோபின் ஒன்பதில் இருக்கும் பிள்ளையைப் பதிமூன்று இருக்கும் பிள்ளையோடு ஒரே தேர்வு எழுதவைத்து, அதற்குத் தகுதி என்று பெயர் வைக்கிறார்கள். இடஒதுக்கீட்டில் வந்தவள் என்று கேலி செய்பவர்களுக்கு அவள் எத்தனை வேளை சாப்பிடாமல் வந்தாள் என்பது தெரியாது.

2018இல் ஐ.நா. பெண்கள் அமைப்பு வெளியிட்ட அறிக்கை ஒன்று, இந்தியாவில் தலித் பெண் ஒருவர் உயர்சாதிப் பெண்ணைவிடச் சராசரியாக 14.6 ஆண்டுகள் முன்னதாக இறந்துபோகிறார் என்றது. அந்தப் பதினாலரை ஆண்டு ஒரே நாளில் பறிபோவதில்லை. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பறிபோகிறது. அதில் பெரிய பங்கு இந்தப் பதின்வயதில்.

என்ன கேட்கப் போகிறோம்?

பணம் எங்கே என்பார்கள். 1982இலும் இதையேதான் கேட்டார்கள். அன்று அதைப் பொருட்படுத்தாமல் அடுப்பைப் பற்ற வைத்ததால்தான் நம்மில் பலர் பள்ளிக்குப் போனோம். கூடம் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, சமைப்பவர் இருக்கிறார். அதே வளாகத்தில் இன்னும் இரண்டு வகுப்புக்கு உலை வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே, ஒன்று: சத்துணவைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை விரிவாக்கு. காலை உணவையும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்குக் கொண்டுவா. இரண்டு: நீல மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின், பள்ளியிலேயே, வயிறு நிறைந்த பிறகு கொடு. மூன்று: விடுதி உணவுப்படியை விலைவாசியோடு சேர்த்து ஆண்டுதோறும் உயர்த்து. விரும்பும் பிள்ளைகளுக்கு ஈரல், மீன், கறி, மாட்டுக்கறி எதுவானாலும் போடு, வேண்டாதவர்களுக்கு அதே அளவு சத்துள்ள வேறு உணவு கொடு. நான்கு: வளரிளம் பெண்கள் திட்டத்தை 38 மாவட்டங்களுக்கும் விரி, மில் விடுதிகளையும் அதில் சேர். ஐந்து: ரத்தசோகைக் கணக்கை மாவட்டவாரியாக, சாதிவாரியாக வெளியிடு.

மாணவத் தோழர்களே, நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. உங்கள் ஊர் விடுதியின் உணவுப் பட்டியலையும் கொள்முதல் கணக்கையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பட்டியலில் இருப்பதையும் தட்டில் விழுவதையும் ஒரு மாதம் எழுதி வையுங்கள். பிள்ளைகளின் பெயரை மட்டும் எங்கேயும் எழுதாதீர்கள், நாளைக்கு வார்டனின் கோபம் அவர்கள் மேல்தான் விழும். அந்தத் தாளோடு கிராமசபைக்குப் போங்கள். பதினொன்று, பன்னிரண்டு வகுப்புக்குச் சத்துணவு வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். ஒரு ஊர் கேட்டால் மனு, நூறு ஊர் கேட்டால் கொள்கை.

அடுத்த செப்டம்பரில் அதே மைக், அதே கோலம், அதே பேரீச்சம்பழம் வரும். அப்போது முன்வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் ஒருத்தியாவது கையை உயர்த்தி, "சார், எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு எப்போ?" என்று கேட்க வேண்டும். அவள் கேட்பதற்குப் பின்னால் நாம் நிற்க வேண்டும்.

ஜெய் பீம்!